பட்டம் வாங்கிய பிறகும் பாடம்: கனடாவில் பொறியாளர், நிலவியலாளர் தொடர்கல்வி ஏன் கட்டாயமானது

1975-ல் வான்கூவரில் கட்டுமானப் பொறியியல் படித்து முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிலநடுக்கம் பற்றி அவருக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். கட்டடத்தின் மீது எவ்வளவு பக்கவாட்டு விசை வரும் என்று கணக்குப் போடவும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்க வேலை செய்யப்போகும் அந்தக் கடற்கரைக்கு அடியில், 9 அளவு நிலநடுக்கத்தை உண்டாக்கவல்ல ஒரு பெரும் பிளவு இருக்கிறது என்பதை எந்தப் பேராசிரியரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. பல்கலைக்கழகங்களில் அன்று அது யாருக்கும் தெரியாது.

வட கலிபோர்னியாவிலிருந்து வான்கூவர் தீவு வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஹுவான் டி ஃபூகா என்ற கடலடித் தட்டு வட அமெரிக்கத் தட்டுக்குக் கீழே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் புகுந்துகொண்டிருக்கிறது. இதைக் கஸ்கேடியா மண்டலம் என்கிறார்கள். ஐரோப்பியர் அங்கே வந்து எழுதி வைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த மண்டலத்தில் மாபெரும் நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை. அதனால், தட்டு சத்தமில்லாமல் வழுக்கிப் போகிறது என்று பலர் நம்பினார்கள். 1980-களில் அமெரிக்க நிலவியலாளர் பிரையன் அட்வாட்டர் வாஷிங்டன் மாநிலக் கடலோரச் சதுப்புகளில் இறங்கி மண் அடுக்குகளைப் பார்த்தார். ஒரு காலத்தில் புல்லும் மரமும் வளர்ந்திருந்த மண் திடீரென்று தாழ்ந்து, கடல் சேற்றுக்கு அடியில் போயிருந்தது. சில இடங்களில் அதன்மேல் சுனாமி கொண்டுவந்து கொட்டிய மணல் படிந்திருந்தது. 1987-ல் அவர் இதை வெளியிட்டார். 1996-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தங்கள் நாட்டுப் பழைய பதிவுகளைப் புரட்டி, 1700-ஆம் ஆண்டு ஜனவரியில் ஜப்பானில் பூமி அதிராமலே வந்த ஒரு சுனாமியைக் கஸ்கேடியாவோடு பொருத்தினார்கள். அலை பசிபிக்கைக் கடக்க எடுத்திருக்கக்கூடிய நேரத்தைக் கழித்துப் பார்த்தால், நிலநடுக்கம் 1700 ஜனவரி 26 இரவில் நடந்திருக்க வேண்டும். வான்கூவர் தீவின் பச்சீனா விரிகுடாவில் ஒரு குளிர்கால இரவில் பூமி குலுங்கி, கடல் வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போனதைப் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள அறிவியலுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பு ஆய்வு இதழோடு நிற்கவில்லை, கட்டட விதிகளுக்குள்ளும் வந்தது. 2005-ஆம் ஆண்டின் கனடா தேசியக் கட்டட விதித்தொகுப்பு கஸ்கேடியாவை ஒரு தனிச் சூழலாகக் கணக்கில் எடுத்தது. அதே பதிப்பில் இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது. அதுவரை, 50 ஆண்டுகளில் 10 சதவீத வாய்ப்புள்ள அதிர்வுக்கு வடிவமைத்தால் போதும். 2005 முதல், 50 ஆண்டுகளில் 2 சதவீத வாய்ப்புள்ள, அதாவது சராசரியாக 2,475 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய அதிர்வுக்கு வடிவமைக்க வேண்டும். 2015-லும் 2020-லும் நிலஅதிர்வு மாதிரிகள் மறுபடி மாறின. 2020 பதிப்பில் மேற்குக் கரையின் பல இடங்களுக்கான எண்கள் கணிசமாக உயர்ந்தன.

நம்முடைய 1975 பட்டதாரி 2005-ல் ஐம்பதைத் தாண்டியிருப்பார். அலுவலகத்தில் அவர்தான் மூத்தவர். மற்றவர்கள் போட்ட வரைபடங்களைச் சரிபார்த்து முத்திரை வைப்பவரும் அவர்தான். கல்லூரியில் படித்ததை வைத்தே அவர் முத்திரை வைத்தால், அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. தொடர்கல்வியின் அடிப்படைத் தேவை இந்த இடத்தில்தான் இருக்கிறது. பொறியாளருக்குப் பதவி உயர்வு கிடைக்கவோ, தற்குறிப்பில் ஒரு வரி சேர்க்கவோ இது ஏற்படவில்லை. அவருடைய அறிவு பழசாகிவிட்டால் ஆபத்து அவருக்கல்ல, அவரை ஒருபோதும் சந்திக்காத யாருக்கோ என்பதுதான் காரணம்.

சரி, பொறியாளரையும் நிலவியலாளரையும் ஏன் சேர்த்தே பேசுகிறோம்? கனடாவில் இந்த இரண்டு தொழில்களையும் மாகாணச் சட்டங்கள் ஒழுங்குபடுத்துகின்றன. பட்டம் பெற்றதாலேயே ஒருவர் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. மாகாண ஒழுங்காற்று அமைப்பில் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா போன்ற மாகாணங்களில் இரு தொழில்களுக்கும் ஒரே அமைப்பு. ஒன்டாரியோவில் தனித்தனி. பொறியாளர்களுக்கான சட்டங்கள் 1920-களை ஒட்டி வந்தவை. நிலவியலாளர்கள் பல மாகாணங்களில் வெகு பின்னால்தான் இந்த வளையத்துக்குள் வந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அது 1990-ல் நடந்தது. ஒன்டாரியோவில் 2000-ல் தனிச் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் நடந்த ப்ரீ-எக்ஸ் மோசடி பலருக்கு நினைவிருக்கும். இந்தோனேசியாவின் பூசாங்கில் மாபெரும் தங்கப் படிவு இருப்பதாகச் சொன்ன கால்கரி நிறுவனம் அது. பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தைக் கலந்திருந்தது 1997-ல் அம்பலமாகி, முதலீட்டாளர்களின் பணம் கோடிக்கணக்கில் கரைந்தது. நிலவியலாளரின் ஒரு கையெழுத்துக்கு என்ன மதிப்பு, யார் அதைப் போடலாம் என்ற கேள்வியை நாடே கேட்டது. 2001 பிப்ரவரியிலிருந்து, சுரங்கத் தகவலைப் பங்குச்சந்தையில் வெளியிட 'தகுதி பெற்ற நபர்' ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற தேசிய விதி (என்.ஐ. 43-101) நடைமுறைக்கு வந்தது.

உரிமம் கொடுப்பது வேறு, கொடுத்த பின் உரிமத்தைத் தகுதியோடு வைத்திருக்கச் செய்வது வேறு. ஆல்பர்ட்டா இதை முன்பே உணர்ந்து 1990-களிலேயே தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியது. கியூபெக் 2011-ல் செய்தது. நாட்டிலேயே மிகப் பெரிய பொறியாளர் அமைப்பைக் கொண்ட ஒன்டாரியோவும், மலையும் அணையும் சுரங்கமும் நிறைந்த பிரிட்டிஷ் கொலம்பியாவும்தான் கடைசியாக வந்தன. இரண்டையும் அசைத்தது இரண்டு விபத்துகள்.

முதலாவது எலியட் லேக். ஒன்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில், யுரேனியச் சுரங்கத்தால் வளர்ந்து, சுரங்கம் மூடப்பட்டபின் ஓய்வுபெற்றவர்களின் ஊராக மாறிய சிறு நகரம் அது. 1980-ல் திறந்த அல்கோ சென்டர் வணிக வளாகம்தான் ஊரின் மையம். கடைகள், ஹோட்டல், நூலகம், அலுவலகங்கள் எல்லாம் அதற்குள்தான். கார் நிறுத்துமிடத்தை அதன் கூரைமேல் வைத்திருந்தார்கள். திறந்த நாள் முதலே கூரை ஒழுகியது. குளிர்காலச் சாலை உப்பு கலந்த தண்ணீர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எஃகுச் சட்டங்களுக்குள் இறங்கியது. 2012 ஜூன் 23 பிற்பகல், தூணையும் உத்திரத்தையும் சேர்த்திருந்த ஓர் இணைப்பு துருவால் அற்றுப்போய், கூரையின் ஒரு பகுதி உள்ளே சரிந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள்.

விசாரணைக் குழுவின் தலைவர் பால் பெலாஞ்சே 2014 அக்டோபரில் தந்த அறிக்கையைப் படித்தால் மனசு கனக்கும். கட்டடத்தை வீழ்த்தியது துரு, ஆனால் உண்மையில் தோற்றது பொருளல்ல, மனிதர்கள் என்ற பொருள்பட அவர் எழுதினார். எத்தனையோ பேர் அந்தக் கூரையைப் பார்த்திருக்கிறார்கள். கட்டடம் விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்கூட ஒருவர் வந்து பார்த்து, கட்டமைப்பு நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்தார். அப்போது அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இல்லை. முந்தைய ஆய்வொன்றின் அறிக்கையைக் கட்டட உரிமையாளர் கேட்டபடி அவர் திருத்தியிருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. (அவர்மீது தொடரப்பட்ட குற்றவியல் வழக்கில் 2017-ல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.) குழு செய்த பரிந்துரைகளில் ஒன்று, பொறியாளர்களுக்குத் தொடர்கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது. அதற்கு 18 மாதக் கெடுவும் கொடுத்தது.

18 மாதம் 2016 ஏப்ரலில் முடிந்தது. ஒன்டாரியோ அமைப்பு 2017-ல் 'பீக்' என்ற திட்டத்தைத் தொடங்கியது, ஆனால் விருப்பப்பட்டவர்கள் சேரலாம் என்ற அளவில்தான். அது கட்டாயமானது 2023 ஜனவரி 1-ல். பரிந்துரைக்கும் நடைமுறைக்கும் இடையே எட்டு ஆண்டுக்கு மேல். இரண்டு உயிர்கள் போன பிறகும் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது விபத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். பொறியியலும் நிலவியலும் சந்திக்கும் இடத்தில் அறிவின் ஓட்டை எப்படிப் பேரழிவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் குறைவு.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் உட்பகுதியில் மவுண்ட் போலி என்ற செம்பு-தங்கச் சுரங்கம். தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சும் சேற்றுக் கழிவைத் தேக்கிவைக்க மண்ணாலும் பாறையாலும் ஆன அணை கட்டுவார்கள். சுரங்கம் வேலை செய்யச் செய்ய அணையும் ஆண்டுதோறும் உயரும். 2014 ஆகஸ்ட் 4 அதிகாலை, ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்துக்கு வந்திருந்த அந்த அணை உடைந்தது. தண்ணீரும் கழிவுமாக சுமார் 2.5 கோடி கன மீட்டர் வெளியேறி, ஹேசல்டைன் ஓடையை அகழ்ந்து தள்ளிக்கொண்டு க்வெனெல் ஏரியில் போய் விழுந்தது. ஏரி அந்தப் பகுதிப் பூர்வகுடி மக்களுக்கு சால்மன் மீன் தரும் ஏரி. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

மூன்று வல்லுநர்கள் கொண்ட சுயேச்சைக் குழு 2015 ஜனவரியில் காரணத்தைச் சொன்னது. அணையின் அடித்தளத்தில், பனிப்பாறைக் காலத்து ஏரியொன்றில் படிந்த களிமண் அடுக்கு ஒன்று இருந்தது. அடுக்கு மெல்லியது, எல்லா இடத்திலும் பரவியதும் அல்ல, அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் கிடந்தது. பனிப்பாறை வந்து போன நிலத்தில் மண் அப்படித்தான் இருக்கும். சில பத்து மீட்டர் தள்ளினால் அடுக்கின் வரிசையே மாறிவிடும். துளையிட்டுப் பார்த்த இடங்கள் இந்தச் சிக்கலைப் பிடிக்கப் போதவில்லை.

இன்னும் நுணுக்கமான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் களிமண் முன்னொரு காலத்தில் பெரிய பாரத்தால் அழுத்தப்பட்டு இறுகியது. தன்மேல் வரும் பாரம் அந்தப் பழைய அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை அது கெட்டியான மண்ணாகவே நடந்துகொள்ளும். அணை உயர உயரப் பாரம் கூடியது. பழைய அழுத்தத்தைத் தாண்டிய பிறகு அதே மண் வேறு விதமாக நடந்துகொள்ளத் தொடங்கியது. மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் அழுத்தத்தைத் தானே வாங்கிக்கொள்ள, மண்ணின் வலிமை சரிந்தது. ஆரம்பத்தில் எடுத்த சோதனை முடிவு பொய்யல்ல. அது அன்றைய பாரத்துக்கு மட்டும் பொருந்தும் முடிவு. அணை உயர்ந்தபோது கேள்வியைத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, வெளிச்சரிவையும் இருந்திருக்க வேண்டியதைவிடச் செங்குத்தாக வைத்திருந்தார்கள். 1.3-க்கு 1 (1.3 மீட்டர் கிடைத்தூரத்துக்கு 1 மீட்டர் உயரம்) என்ற அந்தச் சரிவைத் திட்டமிட்டபடி 2-க்கு 1 என்று சாய்த்திருந்தால் உடைப்பு தடுக்கப்பட்டிருக்கும் என்று குழு கருதியது.

பின்னால் ஒழுங்காற்று அமைப்பு மூன்று பொறியாளர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. அதில் ஒரு விவகாரம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அணைக்குப் 'பொறுப்புப் பொறியாளர்' என்ற பெரிய பொறுப்பை, போதிய அனுபவம் இல்லாத நிலையிலேயே ஒருவர் ஏற்றுக்கொண்டிருந்தார். மேலதிகாரி கொடுக்கும் பொறுப்பை மறுப்பது யாருக்கும் எளிதல்ல, தொழிலில் புதியவருக்கு இன்னும் கஷ்டம். ஆனால் 'இது என் தகுதிக்கு மேற்பட்டது' என்று சொல்லத் தெரிவதும் தொழில் திறமைதான். தங்கள் பயிற்சியும் அனுபவமும் அனுமதிக்கும் வேலையை மட்டுமே ஏற்க வேண்டும் என்பது கனடாவின் எல்லாப் பொறியாளர் நெறிக்கோவைகளிலும் உள்ள விதி. அந்த எல்லையை அறிந்துகொள்வதும் தொடர்கல்வியின் பாடத்திட்டத்தில் முதலிடம் பெற வேண்டிய விஷயம் என்பது என் கருத்து.

மவுண்ட் போலி உடைந்த மறு ஆண்டே, 2015-ல், பிரிட்டிஷ் கொலம்பியா அமைப்பு தொடர்கல்வியைக் கட்டாயமாக்கும் துணைவிதியை உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு விட்டது. நிறைவேறவில்லை. அன்றைய சட்டப்படி துணைவிதி மாற்றத்துக்கு உறுப்பினர்களின் ஒப்புதல் தேவை. தங்களுக்குக் கூடுதல் வேலை வைக்கும் விதியைத் தாங்களே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு அது. எதிர்த்து வாக்களித்த எல்லாரையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. 'நான் எப்படியும் படிக்கிறேன், அதை மணிக்கணக்காக எழுதிக் காட்டச் சொல்வது எதற்கு' என்ற கேள்வியில் நேர்மை உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் பொறியாளர்கள் மட்டும்தானா என்பது இன்னொரு கேள்வி.

அரசாங்கம் அதற்கு விடை சொன்னது. சுற்றுச்சூழல் விஷயங்களில் தொழில் வல்லுநர்களின் கையெழுத்தை அரசு எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஆராய்ந்த மார்க் ஹேடக்கின் அறிக்கை 2018 ஜூனில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் தொழில்முறை ஆளுகைச் சட்டம் நிறைவேறி, 2021 பிப்ரவரி 5-ல் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது. துணைவிதிகளுக்கு உறுப்பினர் வாக்கெடுப்பு தேவை என்ற ஏற்பாடு போய்விட்டது. ஒழுங்காற்று அமைப்புகளை மேற்பார்க்க ஒரு கண்காணிப்பாளர் அலுவலகம் வந்தது. தொடர்கல்வி சட்டப்படியான கடமையானது. 2021 ஜூலை 1 முதல் புதிய திட்டம் ஓடுகிறது. சுயாட்சியை இழந்ததாகச் சில பொறியாளர்கள் வருந்தினார்கள். சுயாட்சி என்பது மக்கள் நம்பிக்கையால் கொடுத்து வைத்திருப்பது. அந்த நம்பிக்கை மவுண்ட் போலியில் எவ்வளவு கரைந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இப்போது விதிகளை வேகமாகப் பார்த்துவிடுவோம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்று ஆண்டுகளில் 60 மணி நேரம் படிக்க வேண்டும். மூன்றாண்டுக் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் நகர்ந்துகொண்டே வரும். அதில் ஆண்டுக்கு ஒரு மணி நேரமாவது தொழில்நெறி பற்றியது. அமைப்பே தயாரிக்கும் ஒழுங்குவிதிப் பாடம் ஒன்றையும் ஆண்டுதோறும் முடிக்க வேண்டும். கியூபெக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு 30 மணி. ஆல்பர்ட்டாவில் நெடுங்காலமாக மூன்றாண்டுக்கு 240 மணி என்று இருந்தது. எண் பெரிதாகத் தெரிந்தாலும் அன்றாட வேலையிலிருந்தே ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்கலாம், மீதியை வகுப்பு, வாசிப்பு, தொழில்சங்கப் பணி, உரை, ஆய்வு என்று பல பிரிவுகளில் பிரித்துக் காட்ட வேண்டும். ஒன்டாரியோ வேறு வழியில் போனது. ஒருவரின் வேலையில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது, அதைக் குறைக்க அவருடைய நிறுவனத்தில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று ஒரு வினாத்தாள் கேட்கும். பதிலைப் பொறுத்து ஆண்டுக்கு அதிகபட்சம் 30 மணி வரை இலக்கு வரும். இணங்காவிட்டால் உரிமம் நிறுத்திவைக்கப்படலாம்.

மணிக்கணக்கின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு பக்கம் வெபினார் ஓட, மறு பக்கம் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டே ஒரு மணி நேரத்தைக் கடத்தலாம். தனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்ததையே திரும்பக் கேட்டு 20 மணியை நிரப்பலாம். மென்பொருள் விற்பவரின் இலவச விளக்கக் கூட்டத்தையும் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததை அளக்கலாம், மண்டையில் ஏறியதை அளக்க முடியாது.

ஆனாலும் மணிக்கணக்கை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். காரணம், அது கட்டாயமாக இல்லாத காலத்தில் படிக்காமல் விட்டவர்கள் யார் என்று பார்த்தால் புரியும். பெரிய நிறுவனத்தில் இருப்பவருக்கு அலுவலகமே பயிற்சி ஏற்பாடு செய்யும். பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். தனியாகத் தொழில் செய்பவர், சிறு ஊரில் இருபது ஆண்டாக ஒரே மாதிரி ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருப்பவர், இவர்களுக்குத்தான் 'நீங்கள் செய்வது இப்போது சரியில்லை' என்று சொல்ல யாரும் இல்லை. எலியட் லேக் போன்ற ஊர்களின் கட்டடங்களை அப்படிப்பட்டவர்களே பார்க்கிறார்கள். அவர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை நிறுத்தி, 'இந்த ஆண்டு என்ன புதிதாகத் தெரிந்துகொண்டீர்கள்' என்று கேட்க ஒரு விதி வேண்டும்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த பகுதி, ஆண்டுதோறும் எழுத வேண்டிய கல்வித் திட்டம். நான் செய்யும் வேலை எவை, அவற்றில் எங்கே தவறு நடந்தால் யாருக்குக் கேடு, அங்கே என் அறிவு எந்த அளவில் இருக்கிறது, இதை முதலில் யோசித்துவிட்டுத்தான் எதைப் படிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கடமைக்கு எழுதினால் அது ஒரு படிவம். உட்கார்ந்து உண்மையாக எழுதினால் அதுவே அந்த ஆண்டின் மிகப் பயனுள்ள ஒரு மணி நேரமாக இருக்கும். நிறுவனங்களும் 2021-லிருந்து தனி அனுமதி பெற்று, தங்கள் பொறியாளர்களின் தொழில்நெறி, தரக்கட்டுப்பாடு, தொடர்கல்வி மூன்றுக்கும் எழுத்துபூர்வமான திட்டம் வைத்திருக்க வேண்டும். இதுவும் நல்லது. படிக்க நேரம் கொடுக்காமல் ஊழியரை மட்டும் குறை சொல்ல இனி முடியாது.

அப்புறம், என்ன படிக்க வேண்டும் என்ற கேள்வி. தோல்விகளைப் படிக்க வேண்டும் என்பேன். மாண்ட்ரியாலுக்குப் பக்கத்தில் லவாலில் 2006 செப்டம்பர் 30-ல் தெ லா கோன்கோர்ட் மேம்பாலத்தின் ஒரு பகுதி விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். முன்னாள் மாகாண முதல்வர் பியேர் மார்க் ஜான்சன் தலைமையிலான குழு விசாரித்தது. 1970-ல் திறந்த அந்தப் பாலத்தில் இரும்புக் கம்பிகள் வைக்க வேண்டிய இடத்தில் வைக்கப்படவில்லை. கான்கிரீட்டின் தரமும் குறைவு. இது கட்டியவர்களின் தவறு, மேற்பார்த்தவர்களின் தவறு. ஆனால் இன்னொன்றும் இருந்தது. அந்தத் தடித்த கான்கிரீட் பலகையில் வெட்டுவிசையை, அதாவது பலகையைக் குறுக்கே அறுத்துப் பிளக்கப் பார்க்கும் விசையைத் தாங்கத் தனிக் கம்பிகள் வைக்கப்படவில்லை. அன்றைய விதி அதைக் கேட்கவுமில்லை. கான்கிரீட் பலகையின் தடிமன் கூடக் கூட அதன் வெட்டுவிசைத் தாங்குதிறன் அதே விகிதத்தில் கூடுவதில்லை என்பது பின்னாளில், டொராண்டோ பல்கலைக்கழகச் சோதனைகள் உட்பட, பல ஆய்வுகளில் உறுதியானது. விதித்தொகுப்பும் மாறியது. பாலம் மட்டும் 1970-லேயே நின்றது. புதிய பாலம் வடிவமைப்பவர் புதிய விதியைப் பின்பற்றுவார், அதில் சிக்கல் இல்லை. பழைய பாலத்தைச் சோதிக்கப் போகிறவருக்குத்தான் இந்த ஆய்வு தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவரின் கண்ணுக்கு மூலைவிட்டமாக ஓடும் ஒரு விரிசல் எச்சரிக்கை, தெரியாதவருக்கு அது வயதான கான்கிரீட்டின் சுருக்கம். விழுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால், கான்கிரீட் துண்டுகள் சாலையில் விழுவதாகத் தகவல் வந்து ரோந்து ஊழியர் ஒருவர் வந்து பார்த்தார். பாலத்தை உடனே மூட வேண்டும் என்ற முடிவு எடுக்கப்படவில்லை.

இதே போலத்தான் வெள்ளமும். நூறு ஆண்டு வெள்ளம், இருநூறு ஆண்டு வெள்ளம் என்று கணக்குப் போடும் முறைக்கு அடியில், கடந்தகால மழைதான் எதிர்கால மழைக்கும் அளவுகோல் என்ற அனுமானம் இருக்கிறது. 2021 நவம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வளிமண்டல ஆறு எனப்படும் நீராவிப் பட்டை கொட்டிய மழையில் சூமஸ் சமவெளி ஏரியாக மாறியது, கோக்விஹாலா நெடுஞ்சாலை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. அந்த அனுமானத்தின் மேல் முப்பது ஆண்டு கட்டிய தொழில் அனுபவத்தை இனி எந்த அளவுக்கு நம்பலாம் என்று நீரியல் பொறியாளர்கள் மறுபடி யோசித்தாக வேண்டும். அனுபவசாலிகளுக்குத்தான் இது அதிகக் கடினம். புதிதாக ஒன்றைக் கற்பதைவிட, நெடுநாள் சரியாக வந்த ஒன்றைக் கைவிடுவது பெரிய பாடு.

தொழில்நெறிக்கு ஆண்டுக்கு ஒரு மணி என்பது போதுமா? எலியட் லேக்கில் குறைவாக இருந்தது எஃகு பற்றிய அறிவல்ல. துரு பலவீனமாக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பணம் கொடுப்பவர் அறிக்கையை மாற்றச் சொன்னால் என்ன செய்வது, மக்கள் நடமாடும் கட்டடம் ஆபத்தில் இருந்தால் வாடிக்கையாளரின் ரகசியத்தை மீறி யாரிடம் சொல்வது, இதுதான் அங்கே தோற்றது. இதற்குப் பொதுவான அறவுரை நிறைந்த காணொளியைவிட, ஒழுங்காற்று அமைப்புகள் வெளியிடும் நடவடிக்கைத் தீர்ப்புகளை நாலு பேர் உட்கார்ந்து படித்து விவாதிப்பது எவ்வளவோ மேல். அவை பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒருவர் எந்தக் கட்டத்தில் நின்றிருக்கலாம், எந்தக் கட்டத்தில் வழுக்கினார் என்பது தெளிவாக இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கனடாவுக்குப் போன பொறியாளர்கள் நிறையப் பேர். இந்தியாவில் பொறியாளர் தொழிலுக்கென நாடு தழுவிய உரிமச் சட்டம் இல்லை, பட்டமே அடையாளம். அந்தப் பழக்கத்தோடு வருபவர்களுக்கு, உரிமம் வாங்குவதே பெரிய மலையாகத் தெரியும். ஒன்டாரியோ பொறியாளர் அமைப்பு, கனடாவில் வேலை செய்த அனுபவம் கட்டாயம் என்ற நிபந்தனையை 2023 மே மாதம் நீக்கியதால் ஒரு பெரிய தடை குறைந்தது. உரிமத்தோடு தொடர்கல்விக் கடமையும் சேர்ந்தே வருகிறது என்பதைத்தான் பலர் தாமதமாக அறிகிறார்கள். படித்ததற்கான சான்று, தேதி, எத்தனை மணி, என் வேலைக்கு இது எப்படிப் பொருந்தும் என்ற ஒரு வரி, இவற்றை அன்றன்றே குறித்து வைப்பது நல்லது. தணிக்கைக்குக் கேட்கும்போது மூன்று ஆண்டுக்கு முந்தைய வெபினாரின் சான்றைத் தேடி எடுப்பது கஷ்டம். மொழி, தட்பவெப்பம், மண் எல்லாம் புதிதாக இருப்பவர்கள் முதல் இரண்டு மூன்று ஆண்டு மணிகளைப் பனி, உறைபனி மண், உப்பு அரிப்பு, உள்ளூர் விதித்தொகுப்பு ஆகியவற்றுக்குச் செலவிடலாம். சென்னையிலோ கொழும்பிலோ ஐம்பது பாலம் கட்டியவருக்கும், உறைந்து உருகும் நிலத்தில் அடித்தளம் எப்படி மேலெழும்பும் என்பது புதுப் பாடம்தான்.